சாதியும் வருணமும் சேற்று இறாலும்

அண்மையில் மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு அழைக்கப்பட்டிருந்தேன். பத்திரிகைக்காரனை அழைத்தால் படம் வரும், செய்தி வரும் என்பது அதிபர்மாரின் நியாயமான கணக்கு. நானும் குறைவைக்காமல் எல்லா மேசைகளையும் பார்த்து வந்தேன். எரிமலை கக்கியது, மின்மணி அடித்தது, மழைநீர் வடிந்தது. நான்காவது வகுப்பறையில் சுவரை மறைத்தபடி ஒரு பெரிய விளக்கப்படம் தொங்கியது. தலைப்பு ‘கூர்ப்பு ஏணி’. உண்மையாகவே ஓர் ஏணி வரைந்திருந்தார்கள். உச்சிப்படியில் காற்சட்டை அணிந்த மனிதன். கீழே குரங்கு, பறவை, பல்லி, மீன் என்று இறங்கி, அடிப்படிக்குச் சற்று மேலே கண்ணில்லாத, புழுவைப்போல நீண்ட ஒரு சிற்றுயிர். ‘ஆதியான இறால்வகை’ என்று அதன்கீழ் எழுதியிருந்தது.

விளக்கம் சொல்ல நின்ற பையனிடம், இது ஏன் கீழே நிற்கிறது என்று கேட்டேன். “இது இன்னும் கூர்ப்படையல்ல சேர். அப்படியே நிண்டுட்டு” என்றான். சந்தேகமே இல்லாத குரல்.

அடுத்த அறை சமூகக்கல்விக்குரியது. அங்கே இலங்கையின் மக்கட் குழுமங்கள் பற்றிய படத்தொகுதி. வில்லும் தோளிற் கோடரியுமாக நின்ற ஒரு வேடரின் படத்தின்கீழும் அதே ‘ஆதியான’ என்ற சொல். இரு அறைகளுக்கும் வெவ்வேறு ஆசிரியர்கள் பொறுப்பு. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்கமாட்டார். எனினும் சொல் ஒன்றே, கருத்தும் ஒன்றே. வேடரும் ‘அப்படியே நின்றுவிட்டவர்’தான். அன்று மாலை செய்தியை எழுதிக் கொடுத்தேன், படமும் வந்தது. எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இதில் அந்தப் பையனைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. அதே தவற்றை நான் அச்சிலேயே செய்தவன். 1997ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இரவுக் கடமையில் இருந்தபோது, வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் கட்டுரை ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. பஹாமாத் தீவுகளின் நீருள் மூழ்கிய குகைகளில் வாழும் விசித்திர உயிர்கள் பற்றியது. ஆங்கிலத்தில் ‘பிரிமிடிவ்’ என்றிருந்த சொல்லுக்கு அகராதியைப் புரட்டினேன். புராதன, ஆதிகாலத்து, நாகரிகமற்ற, காட்டுமிராண்டித்தனமான என்று வரிசையாகக் கிடந்தன. நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கம் மூடவேண்டும். தலைப்புக்குச் சுவை கூட்டும் ஆசையும் சேர்ந்துகொள்ள, ‘குகைக்குள் காட்டுமிராண்டி இறால்’ என்று போட்டுவிட்டேன். நான் கலைப்பீடத்துப் பட்டதாரி. இறாலுக்கும் எனக்கும் இருந்த உறவு கறிச்சட்டியோடு முடிந்தது.

மூன்று வாரங் கழித்து அமிர்தகழியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்நாளில் கிழக்கிலிருந்து தபால் வந்து சேர்வதே ஒரு செய்தி. எழுதியவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். கோபமில்லை, கிண்டலுமில்லை. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வரும்படி ஒரு வரி மட்டும். ஆடி அமாவாசைக்கு வந்தபோது, மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்கரையில் தந்தையாருக்குரிய கடனை முடித்துவிட்டு அவரைத் தேடிப் போனேன்.

“தம்பி, காட்டுமிராண்டி இறால் எண்டு ஒரு இறால் இந்த வாவியில இல்ல. வேற எங்கயும் இல்ல” என்றுதான் தொடங்கினார். பிறகு ஒரு வெற்று ஜாம் போத்தலையும் கைவில்லையையும் எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்தார். இருட்டுமுன் வீடு சேரவேண்டிய காலம் அது. கண்டல் வேரோரம் நீரை மொண்டு சாயும் வெயிலுக்கு எதிரே பிடித்தார். முதலில் கலங்கல்தான் தெரிந்தது. சற்றே பொறுத்துப் பார்த்தால் கலங்கலுக்குள் வெண்புள்ளிகள் துள்ளின. ஓர் இடத்தில் நின்று, சட்டென்று தெறித்து, வேறோர் இடத்தில் நிற்கும் புள்ளிகள். வில்லையில் ஒன்று நீள்வட்ட உடலும் நீண்ட உணர்கொம்பும் நெற்றியில் ஒற்றைச் செங்கண்ணுமாகத் தெரிந்தது. கோபெப்பொடா என்றார். உலகக் கடல்களில் வாழும் பல்கல விலங்குகளில் எண்ணிக்கையில் இவற்றோடு போட்டியிடக்கூடியவை மிகச் சிலவே என்றும், வாவியின் மீன்குஞ்சு முதலில் வாய்திறப்பது இவற்றை நோக்கித்தான் என்றும் விளக்கினார். பாடும் மீனைக் கேட்கப் பௌர்ணமியிரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து காதைக் கூர்மையாக்கும் நாம், அந்த மீன் தின்ற உணவைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று அவர் சொன்னவற்றையும் பின்னர் நானாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே இனி எழுதுகிறேன். எது எவருடையது என்று பிரிக்க இப்போது முடியாது.

ஏணியின் அடியில் பையன் வைத்திருந்த கண்ணில்லா உயிரின் கதை 1955இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் லோங் ஐலண்ட் நீரிணையின் அடிச்சேற்றில் என்னென்ன உயிர்கள் எவ்வளவு வாழ்கின்றன என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார் ஹவார்ட் சாண்டர்ஸ் என்னும் இளம் ஆய்வாளர். அவருடைய அரிதட்டில் மூன்று மில்லிமீற்றர் அளவிலான ஓர் உயிர் தங்கியது. குதிரை இலாடம் போன்ற தலை, அதன்பின் கணுக்கணுவாக நீண்ட உடல், வெளியே தெரியும் கண் எதுவுமில்லை. எந்த வகுப்பிலும் அது அடங்கவில்லை. அதற்கெனப் புதிய வகுப்பே வகுக்கவேண்டி வந்தது. செபலோகரிடா என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் தலையிறால் என்று பொருள். உயிரின் சொந்தப் பெயர் ஹட்சின்சொனியெல்லா. இது யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆசானாக விளங்கிய ஈவ்லின் ஹட்சின்சனின் நினைவாக இடப்பட்டது. இந்த ஹட்சின்சன் 1932இல் யேலின் வட இந்திய ஆய்வுப் பயணத்தில் இணைந்து லடாக்கின் உயர்மலை ஏரிகளை ஆராய்ந்தவர் என்பது நம்மவர்க்குச் சற்று உறவு தரும் செய்தி.

அதற்குமுன் நன்னீர்க் குட்டைகளிலும் உப்பளங்களிலும் வாழும் ஆர்ட்டீமியா போன்ற இலைக்காலிகளே ஓட்டுடலிகளில் மிகப் பழைய சாயலுடையவை எனக் கருதப்பட்டன. புத்தளம், அம்பாந்தோட்டை உப்பளங்களிலும் அக்கரையில் தூத்துக்குடியிலும் உள்ள அதே ஆர்ட்டீமியாதான். முட்டை காய்ந்து தூளாகி ஆண்டுக்கணக்கில் கிடந்து, உப்புநீர் பட்டதும் பொரித்துவிடும். இறாற் பொரிப்பகங்களில் தகரத்தில் அடைத்து வருவது அதுவே. தலையிறால் கண்டுபிடிக்கப்பட்டதும் ஆர்ட்டீமியாவுக்கிருந்த அந்தப் பட்டம் பறிபோயிற்று.

ஏன்? சாண்டர்ஸ் சுட்டிய காரணம் கால்கள். நாம் உண்ணும் இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். உரிக்கும்போது கவனித்தால், வாயருகே உணவைக் கிழிக்கும் கால்கள், மார்பில் நடக்கும் கால்கள், வயிற்றில் நீந்தும் கால்கள் என்று ஒவ்வொன்றும் தன் தொழிலுக்கேற்ப உருவம் மாறியிருக்கும். தலையிறாலிலோ வாய்க்குப் பின்னுள்ள உறுப்பும் மார்புக் கால்களும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரே காலே நடக்கிறது, அதுவே சேற்றுத் துகளைத் திரட்டி வாய்க்கு அனுப்புகிறது. தொழிற்பிரிவு ஏற்படாத இந்நிலைதான் எல்லா ஓட்டுடலிகளின் மூதாதைக்கும் இருந்திருக்கவேண்டும் என்று அவர் வாதிட்டார். வாதம் வலுவானது. இன்றும் மதிக்கப்படுகிறது.

ஆனால், கால் பழையது என்பதால் அந்த விலங்கே பழையது என்று ஆகுமா? இங்கேதான் ஏணி சறுக்குகிறது. அதே தலையிறாலில் கண் மறைந்துவிட்டது. மூதாதைக்குக் கண் இருந்திருக்கும், சேற்றில் வாழ்வதற்கு அது வேண்டியிராததால் பின்னர் இழந்திருக்கும். ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்தது மட்டுமன்றி, முட்டையும் விந்தும் ஒரே வழியால் வெளியேறும் அமைப்பும் அதற்குண்டு. இது ஓட்டுடலிகளிடையே மிக அபூர்வம். ஆயிரமாயிரம் முட்டைகளைக் கடலில் இறைக்காமல், ஒன்றிரண்டையே உடலோடு ஒட்டிச் சுமந்து காக்கிறது. இவையெல்லாம் பின்னாளிற் பெற்ற புதுமைகள். பழைய காலும் புதிய குலமரபும் ஓருடலில் குடியிருக்கின்றன. ஆதியான உறுப்பு உண்டு, ஆதியான உயிர் இல்லை என்பது ஜெர்மானியரான வில்லி ஹென்னிக் 1950இல் வெளியிட்ட நூலிலிருந்து வகைப்பாட்டியல் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடம். இன்று உயிரோடுள்ள எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே நீளமான காலம் கிடக்கிறது. இறாலும் மனிதனும் தலையிறாலும் அதே பழைய தொடக்கத்திலிருந்து இன்றுவரை இடையறாமல் நடந்து வந்தவர்கள். ஒருவரும் நிற்கவில்லை.

இதை எனக்கு விளங்கவைக்க ஆசிரியர் சொன்ன உவமை எங்கள் பேச்சுமொழி. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், தமிழின் பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் இலக்கிய வழக்குக்கு மிக அண்மையில் நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்ற கருத்தை முன்வைத்தவர். அப்படியானால் நாங்கள் பழைய தமிழர்களா? கொழும்பில் என்னோடு வேலைசெய்த நண்பர்கள் சிலர் ‘மனே’, ‘கா’ என்று நான் வாய்தவறி விளிக்கும்போதெல்லாம் பின்தங்கிய பேச்சு என்று சிரித்ததுண்டு. பழைய ஒலியும் பழைய விகுதியும் சில எம்மிடம் தங்கிவிட்டன. அதே பேச்சில் போர்த்துக்கேயரிடமும் ஒல்லாந்தரிடமும் முஸ்லிம் அயலவரிடமும் பெற்ற புதிய சொற்கள் நிறைந்துகிடக்கின்றன. சில கூறுகளைக் காத்ததும் வரலாறுதான், சிலவற்றை மாற்றியதும் வரலாறுதான். இந்த உவமை கேட்டபின்தான் இறாலின் கால் எனக்குப் புரிந்தது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிப்பதற்காக 1950களிலும் 60களிலும் எமது நாட்டு அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. அந்தப் பணியை நான் குறைத்து மதிப்பிடுபவனல்லன். மொழிக்காக இரவு பகலாக உழைத்தவர்களின் அறுவடை அது. ஆயினும் உயிரின வகைப்பாட்டுக்கு எங்கள் பிள்ளைகள் இன்று மனனஞ் செய்யும் வரிசையைச் சற்றே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். தமிழகத்துப் பிள்ளைகள் வரிசை என்றும் பேரினம் என்றும் படிக்குமிடத்தில் எங்கள் பிள்ளைகள் வருணம் என்றும் சாதி என்றும் படிக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் சொல்லாய்வில் பிழைவிடவில்லை. இலத்தீனின் ‘ஜீனஸ்’ என்பதும் வடமொழியின் ‘ஜாதி’ என்பதும் பிறப்பைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மொழிபெயர்ப்பு மிகச் சரி. ஆனால் சொல் அகராதியில் மட்டும் வாழ்வதில்லையே. கோயில் வாசலிலும் கலியாணப் பேச்சிலும் சாதி என்றால் மேல் கீழ் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, விலங்கியல் வகுப்பில் அதே சொல்லைக் கேட்கும்போது மட்டும் மேல் கீழை மறந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியுமா? ஏணியை ஆசிரியர் வரைய முன்னரே சொல் வரைந்துவிடுகிறது.

‘கூர்ப்பு’ என்பது வேறு விதம். தமிழகத்தில் பரிணாமம் என்பதற்கு நாம் வழங்கும் இச்சொல் எனக்கு மிகப் பிடித்தது. தொல்காப்பிய உரியியல் அதனை உள்ளது மிகுதல் என்னும் பொருளுக்கு உரியதாக வைக்கிறது. மிகுதல், பெருகுதல், பலவாதல். இதைவிடப் பொருத்தமாக டார்வினுக்குத் தமிழ் சொல்லமுடியாது. ஆனால் பிள்ளையின் காதில் அது கூர்மையடைதல் என்று விழுகிறது. கூரானவன் மேலே, மழுங்கியது கீழே. ‘இன்னும் கூர்ப்படையல்ல’ என்ற பையனின் வாக்கியம் அங்கிருந்துதான் பிறந்தது.

பெயரிடும் கலையில் மேலைநாட்டார் மட்டும் தடுமாறவில்லை என்று எண்ணிவிடவேண்டாம். கோபெப்பொடா என்றால் கிரேக்கத்தில் துடுப்புக்காலி. நான் 1997இல் காட்டுமிராண்டியாக்கிய குகைவாழ் உயிரின் வகுப்பு றெமிப்பீடியா. அதற்கும் இலத்தீனில் துடுப்புக்காலி என்றே பொருள். இரண்டையும் தமிழாக்கப் புகுந்தவர் பாவம். 1943இல் விவரிக்கப்பட்ட, அரை மில்லிமீற்றர் நீளத்தில் கடற்கரை மணலின் துகள்களுக்கிடையே ஊர்ந்து வாழும் இன்னொரு வகுப்புக்கு மீசையிறால் என்ற பொருளில் பெயர். அதற்கு மீசை வைத்தவர் எவரோ நகைச்சுவை உணர்வு மிக்கவர்.

இந்தக் குகைவாசியின் கதை சுவையானது. 1979இல் ஜில் யேகர் என்னும் பெண்மணி பஹாமாவின் நீர்க்குகைக்குள் மூழ்கி இதனை முதலிற் கண்டார். 1981இல் விவரித்தார். பூரானைப்போல் நீண்ட உடல், ஒவ்வொரு கணுவிலும் ஒரே மாதிரியான துடுப்புக் கால்கள், கண்ணில்லை. இதுதான் எல்லாவற்றிலும் ஆதி என்று உடனே பட்டஞ் சூட்டினர். பின்பு பார்த்தால் அதன் தலைப்பகுதியில் நஞ்சூட்டும் பற்கள். 2010களில் நடந்த ஆய்வுகள் அந்த நஞ்சின் கூறுகளைப் பகுத்துக் காட்டின. ஓட்டுடலிகளில் நஞ்சேற்றி இரைபிடிப்பதாக முதன்முதலில் உறுதிப்பட்டது இதுவே. நஞ்சு தயாரிக்கத் தெரிந்த ‘ஆதி’.

அதைவிடப் பெரிய திருப்பம் மரபணுவிலிருந்து வந்தது. 1758இல் லின்னேயஸ் தம் பெருநூலில் நண்டையும் இறாலையும் பூச்சிகள் என்ற வகுப்புக்குள் அடக்கியிருந்தார். பின்வந்தோர் அது பிழையெனச் சிரித்து, ஓட்டுடலிகளைத் தனியே பிரித்தனர். 2010இல் வெளியான விரிவான மரபணு ஒப்பீடும் அதன்பின் வந்தவையும் அந்தச் சிரிப்பை அடக்கிவிட்டன. பூச்சிகள் ஓட்டுடலிகளின் கிளையொன்றுக்குள்ளேயே பிறந்தவை. இப்போதைய கணிப்பில் பூச்சிகளுக்கு மிக நெருங்கிய உறவு அந்தக் குகைவாசி. தலையிறாலும் ஆர்ட்டீமியாவும் அதே பெருங்கிளையில் அமர்ந்திருக்க, நம் வாவி இறாலும் நண்டும் வேறு கிளைக்குப் போய்விட்டன. அதாவது கண்ணில்லாத தலையிறால், சந்தையில் கூறுகட்டி விற்கும் இறாலைவிட உங்கள் காதருகே ரீங்கரிக்கும் நுளம்புக்கு நெருங்கிய உறவினன். ஏணியில் இதை எந்தப் படியில் வைப்பது? நுளம்பைக் கீழிறக்குவதா, தலையிறாலை மேலேற்றுவதா? கிளைகளிடையே மேல் கீழ் இல்லை, அண்மையும் சேய்மையுமே உண்டு. லின்னேயஸ் தவறான காரணத்துக்காகப் பாதி சரியாக இருந்தார்.

அதே 1758ஆம் ஆண்டு நூலில்தான் அவர் மனிதனையும் நிறத்துக்கும் கண்டத்துக்கும் ஏற்ப நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் குணமும் எழுதிவைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். விலங்கை வகுக்கும் கை மனிதனை வகுக்கத் தயங்குவதில்லை. எங்கள் தீவில் அதற்கு நல்ல சான்று உண்டு. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற உறவினர் இருவர் 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்தனர். காலில்லாத ஈரூடகவாழியான இக்தியோபிசின் கருவளர்ச்சியை அவர்கள் விவரித்த விதம் இன்றும் போற்றப்படுகிறது. அதே பயணம், அதே நூல்வரிசை. அடுத்த தொகுதியில் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேடர். மண்டையோடுகளைச் சேர்த்து, அளந்து, மனிதகுலத்தின் கீழ்ப்படி என்று அவர்களை நிறுத்த முயன்றனர். விலங்கைப் பார்த்த கண்ணாடியைக் கழற்றாமலே மனிதரைப் பார்த்தார்கள்.

1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் எவ்வளவோ மேல். எங்கள் கிழக்குக் கரையின் கரையோர வேடர் பற்றி அதிலே தனி அத்தியாயமே உண்டு. வாகரைப் பக்கத்தில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள், கடலிலும் களப்பிலும் மீன்பிடிக்கிறார்கள். 2004 திசெம்பர் ஆழிப்பேரலை அவர்களையும் அள்ளியது. 2006, 2007 போரில் இடம்பெயர்ந்து எங்களோடு அகதி முகாம்களில் வரிசையில் நின்றார்கள். அப்போது செய்தி சேகரிக்கப் போன எனக்கு ஒரு முதியவர் தம் தேசிய அடையாள அட்டையை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். அவரை ‘அப்படியே நின்றுவிட்டவர்’ என்று ஒரு பாடசாலைச் சுவர் சொல்லுமானால், அந்தப் பாடசாலைக்கு அவருடைய பேத்தி விடுதியில் தங்கிப் படிக்க வந்திருந்தால், அவள் எந்த அறையில் போய் நிற்பாள்?

ஒரு மாற்றுக் கருத்தையும் இங்கே பதிவு செய்யவேண்டும். விஞ்ஞான ஆசிரிய நண்பர் ஒருவர், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மரக்கிளை, பொதுமூதாதை என்றெல்லாம் சொன்னால் குழம்பும், ஏணி எளிது, பரீட்சைக்குப் போதும் என்றார். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பூட்டன் வழி, பூட்டி வழி, குடி, கத்தறை என்று கிளைபிரித்து உறவு சொல்லத் தெரியும். தாய்வழிக் குடி எண்ணும் மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு மரம் வரையக் கற்பிக்கத் தேவையே இல்லை. ஒன்றுவிட்ட சகோதரனை எவரும் பாட்டனார் என்று அழைப்பதில்லை. தலையிறால் எங்களுக்குப் பாட்டனல்ல, மிகத்தூரத்து ஒன்றுவிட்ட சகோதரம். இவ்வளவுதான் பாடம்.

இன்னொரு விடயம், கொஞ்சம் பெருமைக்காகவும் சொல்வது. தலையிறால்களில் இரண்டாவதாகக் கண்டெடுக்கப்பட்ட சாதி 1961இல் சான்பிரான்சிஸ்கோ குடாவிலிருந்து விவரிக்கப்பட்டது. எதையோ தேடப்போய் எதிர்பாராமல் கிடைத்ததால் லைட்டியெல்லா செரெண்டிப்பிற்றா என்று பெயரிட்டனர். எதிர்பாரா நற்பேற்றைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லை 1754இல் ஹொரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கினார். செரெண்டிப் நாட்டு இளவரசர் மூவர் கதையிலிருந்து எடுத்தார். செரெண்டிப் என்பது அரேபிய, பாரசீக வணிகர் எங்கள் தீவுக்கு வழங்கிய பெயர். பத்துப் பதின்மூன்று இனங்களே அறியப்பட்ட ஒரு வகுப்பில் ஒன்று எங்கள் நாட்டின் பெயரைச் சுமந்து கலிபோர்னியச் சேற்றில் வாழ்கிறது.

அவை அறியப்பட்ட இடங்களின் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கக் கரைகள், கரீபியன், யப்பான், நியூசிலாந்து, ஆபிரிக்காவின் தென்மேற்கு, மத்தியதரைக் கடல். இது விலங்கின் பரம்பலைவிட அரிதட்டும் பொறுமையும் உள்ள ஆய்வாளர் பரம்பலையே கூடுதலாகக் காட்டுகிறது என்பது என் துணிபு. எங்கள் நாட்டுச் சிற்றோட்டுடலிகளைப் பற்றிய பழைய எழுத்துகளும் அப்படித்தான். கொழும்பு நூதனசாலையின் முதல் பணிப்பாளர் ஹேலி சேகரித்தவற்றை 1886இல் பிரேடி விவரித்தார். 1902இல் மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பி ஏன் பொய்க்கிறது என்று ஆராய அரசு அழைத்துவந்த ஹேர்ட்மனின் வலையில் அகப்பட்ட கோபெப்பொடாக்களைத் தொம்சனும் ஸ்கொட்டும் 1903இல் எழுதினர். தேடியது முத்து, கிடைத்தது துடுப்புக்காலி. கிழக்கில் தேட முத்துமில்லை. பின்னர் எங்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் எழுந்தது. 1990இல் அதே வளாகம் ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமாயிற்று. சேற்றை அரித்துப் பார்க்கும் அமைதி இங்கே எவருக்கு இருந்தது?

இப்போது இருக்கிறது. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீள வாவி, மழைக்காலத்தில் நன்னீராகி, கோடையில் முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்து உப்பேறும் வாவி. இவ்வளவு மாறும் நீரில் வாழ்பவற்றை அறிய விண்கலம் வேண்டாம். கூனி வடிக்கும் பெண்களின் அத்தாங்கைவிடச் சற்று நுண்ணிய கண் இருந்தாற் போதும்.

அந்தப் பையனைப் போன கிழமை மறுபடியும் கண்டேன். ஏணியைப் பற்றி நான் முறையிடவில்லை. பிள்ளை உழைத்து வரைந்த படம் அது. முகத்துவாரச் சேற்றில் இதைப்போல ஒன்று இருக்குமா என்று மட்டும் கேட்டேன். சிறிது யோசித்து, “அரிச்சுப் பாத்தாத்தான் சேர் தெரியும். ஆனா அவ்வளவு சின்னக் கண்ணுள்ள அரிதட்டு எங்க இருக்கு?” என்றான். பதாகை அச்சிடும் கடைகளில் மை வடிக்கும் வலைத்துணி இருக்கிறது. எனக்குத் தெரிந்த அச்சகத்தில் இரண்டு முழம் சொல்லிவைத்திருக்கிறேன். மணல்திட்டு அடைத்ததும் ஒரு சனிக்கிழமை காலையில் போவதாக ஏற்பாடு. கைவில்லை என்னிடம் உண்டு. ஆசிரியர் காலமானபோது அவருடைய மனைவி எனக்கென்று எடுத்துவைத்துத் தந்தது.